ஸ்கேன் பண்ணியாச்சு, காகிதத்தை எடைக்குப் போடலாமா?

தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊரும் பெயரும் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்றரை வருடமாக பதிவறை அவர் பொறுப்பில் இருக்கிறது. அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறது, அங்கே பழைய கோப்புகளுக்கு இடம் ஒதுக்கவில்லை. "எல்லாம் 2016-லேயே ஸ்கேன் ஆகிடுச்சு. பட்டியல் போட்டுக் கையெழுத்து வைங்க, எடைக்குப் போட்டுடலாம்" என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் செய்த தனியார் நிறுவனம் 140 டி.வி.டி.களும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வாசகிக்கு மனசு கேட்கவில்லை. மதிய இடைவேளைகளில் 20 டி.வி.டி.களைப் போட்டுப் பார்த்தார். ஆறு திறக்கவே இல்லை. திறந்தவற்றில் படங்களுக்கு 0001, 0002 என்று எண்தான் பெயர். எது எந்தக் கோப்பு என்று சொல்லும் அட்டவணை எதுவும் கிடையாது. 2002 முதல் 2009 வரையிலான சொத்து வரி விவரங்கள் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் இருக்கின்றன. அதே காலத்து மன்றத் தீர்மானங்கள் வேர்டு கோப்புகளாக இருக்கின்றன, ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறதாம். இந்த நேரம் பார்த்து, 2006-ஆம் வருடக் கட்டட அனுமதிக் கோப்பின் நகல் கேட்டு ஒருவர் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறார். "கோப்பு இல்லைன்னு எழுதிடலாம்" என்று அலுவலகத்தில் பேச்சு ஓடுகிறது.

அவர் கேட்பது இதைத்தான்: ஸ்கேன் நகல் சட்டப்படி அசலுக்குச் சமம் என்கிறார்களே, அப்படியானால் காகிதத்தை அழிப்பதில் என்ன தப்பு? கையெழுத்துப் போட்டால் பொது ஆவணச் சட்டப்படி ஐந்து வருடம் ஜெயில் என்று இணையத்தில் படித்தேன், உண்மையா? கெட்டுப்போன தமிழ்க் கோப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை கிளவுடில் ஏற்றிவிட்டால் போதாதா? கடைசி வரி: "மேலே சொன்னதைச் செய்துவிட்டுப் போ, நமக்கெதுக்கு வம்பு என்கிறார் என் கணவர்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்த 20 டி.வி.டி.களைப் போட்டுப் பார்த்தீர்களே, அதற்கு என் வணக்கம். ஸ்கேன் வேலை முடிந்த நாளிலிருந்து இன்றுவரை அவற்றை யாராவது திறந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். உங்கள் கேள்விகளுக்கான பதிலில் பாதி, நீங்கள் செய்த அந்தச் சோதனையிலேயே இருக்கிறது.

ஸ்கேன் நகலும் அசலும்

மின்னணு ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது நிபந்தனையோடு வருகிற அங்கீகாரம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 7-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒரு ஆவணத்தை இத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொன்னாலும், அதை மின்னணு வடிவில் வைத்திருந்தால் போதும் என்கிறது அந்தப் பிரிவு. கூடவே மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. தகவல் பின்னாளில் எடுத்துப் பார்த்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். முதலில் உருவான வடிவிலோ, அந்தத் தகவலை அப்படியே காட்டுவதாக நிரூபிக்க முடிகிற வடிவிலோ இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்தத் தேதி, எந்த நேரம் என்று அடையாளம் காண உதவும் விவரங்கள் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் டி.வி.டி.களை இதில் பொருத்திப் பாருங்கள். திறக்காத ஆறும் முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிட்டன. திறக்கிற பதினான்கிலும், 0001 என்பது யாருடைய மனு, எந்த வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றால் மூன்றாவது நிபந்தனையில் கேள்வி எழும். ஆக, உங்கள் அலுவலகம் செலவு செய்து ஸ்கேன் எடுத்தது நிஜம். ஆனால் சட்டம் கேட்கிற மாதிரி ஆவணத்தை வைத்திருக்கிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்ல முடியாது.

நீதிமன்றத்தில் இது இன்னும் கறாராகப் பார்க்கப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வக்கீல்களான நாங்கள் சொல்லிவந்ததன் புது வடிவம் இது. இப்போது அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பாகம். கணினிக்குப் பொறுப்பானவர் ஒன்றில் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்றால் கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். 2016-இல் வந்துபோன நிறுவனத்தின் வேலைக்கு இன்று யார் அப்படிக் கையெழுத்திடுவார்? காகிதம் கையில் இருக்கும்வரை இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை, கோப்பைப் பார்த்து 'உண்மை நகல்' என்று சான்றிட்டுக் கொடுத்துவிடலாம். காகிதம் போய்விட்டால் எதைப் பார்த்து அப்படி எழுதுவது? அசல் அழிந்துவிட்டால் நகல் செல்லும் என்று சட்டத்தில் இடம் இருக்கிறதுதான். ஆனால் அசலை நாமே கவனமில்லாமல் அழித்துவிட்டு அந்தச் சலுகையைக் கேட்டு நின்றால், எதிர்த் தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

அதற்காக எதையுமே அழிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கோப்பை முடிக்கும்போது ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று போடுகிறீர்கள் இல்லையா? ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். எதை எப்போது அழிக்கலாம் என்பதை அந்த இரண்டெழுத்துதான் தீர்மானிக்கிறது. ஸ்கேன் எடுத்ததால் நி.மு. கோப்பு மூ.மு. ஆகிவிடாது. அதேபோல, காலம் முடிந்த ஓ.மு., மூ.மு. கோப்புகளை முறைப்படி பட்டியலிட்டு, அனுமதி வாங்கி, ஸ்கேன் இல்லாமலே கழிக்கலாம். நான் பார்த்த பதிவறைகளில் அலமாரியை அடைத்துக்கொண்டு கிடப்பது பெரும்பாலும் இந்த வகைதான். மேலாளருக்கு வேண்டியது இடம்தானே? அதை இந்த வழியில் கொடுக்கப் பாருங்கள்.

அந்த 2006 கோப்பு

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மனு வந்த நாளிலிருந்து 30 நாளில் பதில் போக வேண்டும். நாளைக் காலையே அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, கழிவுப் பட்டியலில் இருந்தால் அதிலிருந்து அடித்துவிடுங்கள்.

தேடாமலே 'இல்லை' என்று எழுதுவது ஆபத்து. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலை, இப்போது கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியில் மறுக்க முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் விஸ்வாஸ் பாம்பூர்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவில் கேட்கப்பட்ட தகவலை அழித்தால் தகவல் உரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவின் கீழ் அபராதம் உண்டு, அது 25,000 ரூபாய் வரை போகலாம். 'நான் பொதுத் தகவல் அலுவலர் இல்லையே' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் மனுவுக்குப் பதில் தர வேண்டிய அந்த அலுவலர் உங்களிடம் உதவி கேட்டுவிட்டால், 5-ஆம் பிரிவுப்படி அந்த அளவுக்கு நீங்களும் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவீர்கள்.

இன்னொன்று. ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பராமரிக்க வேண்டும் என்பது இதே சட்டத்தின் 4(1)(அ) பிரிவு அலுவலகத்தின் மேல் வைத்திருக்கும் கடமை. அட்டவணை இல்லாத 140 டி.வி.டி.களைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது இந்தப் பிரிவை மேற்கோள் காட்டுங்கள். மேலதிகாரியோடு மோதுகிற தொனி வராது. கடமையை நினைவூட்டுவதாகத்தான் இருக்கும்.

தமிழ்க் கோப்புகள் கெடவில்லை

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பதறவைத்த வரி, "கெட்டுப்போன தமிழ்க் கோப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு" என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். அவை கெடவே இல்லை.

நடந்தது இதுதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால், கணினியில் தமிழுக்கென்று தனி எண்கள் கிடையாது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்கார வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். உங்கள் அலுவலகத்திலும் வானவில் அவ்வையார் மாதிரி ஒன்றுதான் இருந்திருக்கும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில ஜே. அந்த எழுத்துரு இருந்தால் திரையில் அது 'த' என்று தெரியும். ஆங்கில கே, 'ம' என்று தெரியும். எழுத்துரு இல்லாத கணினிக்கு இந்த ஏற்பாடு தெரியாது, ஜே-யை ஜே என்றே காட்டும். அதாவது உங்கள் மன்றத் தீர்மானங்கள் ஒரு எழுத்து விடாமல் அங்கேயே இருக்கின்றன. அவற்றைப் படிக்கிற கண்ணாடிதான் தொலைந்திருக்கிறது.

இந்தச் சிக்கலை அரசு அறியாமலும் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தினார்கள். 2010-இல் யூனிகோடையே தரமாக ஏற்று, அது எடுபடாத இடங்களுக்கு டேஸ் 16 என்ற முறையை வைத்தார்கள். அரசாணை வந்தது, பழைய எழுத்துருவில் பழகிய விரல்கள் மட்டும் அத்தனை சீக்கிரம் மாறவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினை வழக்கு நடத்தினேன். ஒரு அலுவலகத்திலிருந்து வரிப் பதிவேட்டின் கணினி அச்சு வாங்கி, முத்திரையும் கையெழுத்துமாகத் தாக்கல் செய்தோம். நீதிபதி ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டி, "வக்கீல் சார், இது எந்த பாஷை?" என்று கேட்டார். எழுத்துரு இல்லாத கணினியில் அச்செடுத்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் 'உண்மை நகல்' என்று சான்றிட்டிருந்தார்கள். அன்று வாய்தா வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த எழுத்துருவைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். மாற்றி என்று சொல்லப்படும் மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு, பழைய அச்சுத் தாளோடு சில பக்கங்களையாவது ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். வேர்டு கோப்பில் எது தமிழ் எழுத்துரு, எது ஆங்கில எழுத்துரு என்ற விவரம் கூடவே இருக்கும். ஃபாக்ஸ்புரோவில் அந்த விவரம் இருக்காது. கதவு எண் 12-கே என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தால், மாற்றி அந்த கே-யையும் 'ம' ஆக்கிவிடும். ஒரு வீட்டின் கதவு எண் '12-ம' ஆனால் சிரிப்பு வரும். அந்த வீட்டுக்காரர் பெயர் மாற்றத்துக்கு வந்து நிற்கும்போது சிரிப்பு வராது.

ஃபாக்ஸ்புரோ பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015-இலேயே நிறுத்திவிட்டது. ஆனால் அதன் தரவுக் கோப்பை இன்றும் பல மென்பொருள்கள் படிக்கின்றன. காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரைக் கோப்பாக மாற்றி வைத்துக்கொண்டால் எந்தக் காலத்துக் கணினியும் திறக்கும். எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அதனுடனே வையுங்கள். 'கோடு 3' என்றால் காலிமனையா கடையா என்று தெரிந்த பில் கலெக்டர் ஓய்வு பெற்றிருப்பார். அவரை ஒரு டீக்குக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதி வடிவமாக பி.டி.எஃப்.-ஏ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். நெடுநாள் காப்புக்கென்றே 2005-இல் சர்வதேசத் தரமாக வந்தது அது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், தொலைய வழியில்லை. ஆனால் பழைய எழுத்துருக் கோப்பை மாற்றாமல் நேராக பி.டி.எஃப். ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், 'முருகன்' என்று தேடினால் ஒன்றும் வராது. அதனால் யூனிகோடு முதலில், பி.டி.எஃப். அப்புறம்.

டி.வி.டி.யும் கிளவுடும்

எழுதும் வகை டி.வி.டி.யில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் புழுக்கமும் அதைத் தின்றுவிடும். நம் ஊர் மே மாதத்தில் தகரக் கூரைப் பதிவறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திறக்காத ஆறையும் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். திறக்கிறவற்றை இந்த மாதமே ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிடுங்கள். நிறுவனம் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் இதே படங்கள்தான் இருக்கின்றனவா என்று யாராவது பார்த்தார்களா? கடிதத்தில் இல்லை. பாருங்கள்.

கிளவுட் என்பது இன்னொருவர் கட்டடத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். 0001 என்று ஏற்றினால் அங்கேயும் 0001 என்றுதான் கிடக்கும். யாரோ தவறுதலாக அழித்தால், இணைத்து வைத்திருக்கும் எல்லா இடத்திலும் அழிந்துபோவதும் உண்டு. மூன்று நகல், அதில் ஒன்று வேறு கட்டடத்தில், ஒவ்வொன்றுக்கும் ஹேஷ் பட்டியல், வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒரு ஆள். இந்தக் கடைசி ஆள் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

பிரிட்டனில் இது பெரிய அளவில் நடந்தது. 1086-இல் எழுதிய டூம்ஸ்டே நிலப் பதிவேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி 1986-இல் பிபிசி லேசர் தட்டுகளில் செய்த புது டூம்ஸ்டேயைப் பதினைந்து வருடத்தில் படிக்கக் கருவி கிடைக்காமல் போய், ஆராய்ச்சிக் குழு ஒன்று முயன்று மீட்டது. கருவி கிடைக்கவில்லை என்றதும் அவர்கள் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மின் கையொப்பத்தோடு வரும் அனுமதிகளில் மஞ்சள் கேள்விக்குறி தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது உங்கள் கணினியிலுள்ள மென்பொருள் இந்தியச் சான்றளிப்பு அமைப்பை நம்பகப் பட்டியலில் சேர்க்காததால் வருவது. ஆவணம் போலி என்று அர்த்தமில்லை. ஆனால் அச்செடுத்து வைத்துக்கொண்டு கோப்பை அழித்தால் கையொப்பமும் போய்விடும். அச்சில் இருப்பது அதன் படம் மட்டும்தான்.

ஜெயில் பயம்

நீங்கள் படித்தது பொது ஆவணச் சட்டம், 1993. விதிமீறி ஆவணத்தை அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் இருப்பது சரி. ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், அவற்றின் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கானது. மாநிலத்து நகராட்சி அதில் வராது. அந்தப் பயத்தை விடுங்கள்.

அதற்காக முழுக்க நிம்மதியாகிவிடவும் வேண்டாம். நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க வேண்டிய ஆவணத்தை, அது வந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 241-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. மின்னணு ஆவணமும் இதில் அடங்கும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை. ஆனால் 2006 கோப்புக்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தகராறு ஏதாவது இருந்து, வழக்கு வந்து, அழித்த பட்டியலில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால், நோக்கம் இல்லை என்று விளக்க வேண்டியவர் நீங்கள்தான். துறை நடவடிக்கை தனி.

உங்கள் கணவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது, கணக்கு மட்டும் தப்பு. கையெழுத்து உங்களுடையது, உத்தரவு வாயோடு போனது. வாய்மொழி உத்தரவில் அரசு ஊழியர்கள் இயங்குவது சரியல்ல, அது எழுத்தில் பதிவாக வேண்டும் என்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. சண்டை போட வேண்டாம். ஒரு பக்கக் குறிப்பு போதும்: இத்தனை டி.வி.டி. சோதித்தேன், இத்தனை திறக்கவில்லை, அட்டவணை இல்லை, காலம் முடிந்த கோப்புகளின் பட்டியல் இணைப்பில் உள்ளது, அவற்றைக் கழிக்க அனுமதி வேண்டும், மற்றவை குறித்து எழுத்துமூல ஆணை வேண்டப்படுகிறது. எண் போட்டு, தன்பதிவேட்டில் ஏற்றி, மேலாளர் வழியாக ஆணையருக்கு வையுங்கள். இப்படி ஒரு குறிப்பு வந்தபின் 'எல்லாவற்றையும் எடைக்குப் போடு' என்று எழுதிக் கையெழுத்திடும் அதிகாரி அபூர்வம். ஒருவேளை எழுதிவிட்டால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், அடுத்த படியை அப்போது பேசுவோம்.

கடிதத்தின் ஓரத்தில், பதிவறை மூலையில் துணி போர்த்திய ஒரு பழைய கணினி கிடக்கிறது, இந்த வாரம் ஏலத்துக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தீர்மானங்களைத் தட்டச்சு செய்தது அதில்தானா என்று விசாரியுங்கள். அதுதான் என்றால், நீங்கள் தேடும் எழுத்துரு அதற்குள் இருக்க வாய்ப்பு அதிகம். குறிப்பு எழுதுவதற்கு முன்னால் அதை ஏலப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.